மேல் இறக்கை

பெண்டாட்டி மேல் பொறாமைப்பட்ட புருஷனைப் பார்த்திருக்கிறீர்களா? இன்னொரு ஆம்பளையை நினைத்து வந்த பொறாமை இல்லை, கண்ணுங்களா. அவளுடைய விரல்களைப் பார்த்து வந்த பொறாமை. சித்தூரில் அப்படி ஒருவன் இருந்தான். பெயர் ஜெயபிரகாஷ், மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து யுத்த விமான மாடல் செய்வான். டப்பாவில் வருகிற பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் உள்ளங்கையகல விமானம் ஒன்று எழுந்து நிற்கும். அவன் மனைவி ஷோபா துடைப்பத்தோடு அந்தப் பக்கம் வந்தால்கூட, "அங்கயே நில்லு, மூச்சு விடாத" என்பான்.

போன மழைக்காலத்தில் ஸ்கூட்டரோடு விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. புத்தூர் எலும்பு வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். மேசைமேல் அவன் பாதி ஒட்டியிருந்த ஸ்பிட்ஃபயர் விமானம் ஒற்றை இறக்கையோடு கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டவனைக் காணப் பொறுக்காமல், "நீங்க சொல்லுங்க, நான் ஒட்டறேன்" என்றாள் ஷோபா.

முதல் நாள் சொல்லிக் கொடுத்தான். பிறகு சொல்லவேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. பைலட்டின் தலைக்கு மேல் வருகிற கண்ணாடி மூடியில் மயிரிழை போல் கோடுகள் இழுக்க வேண்டும். ஜெயபிரகாஷ் இழுத்தால் அழித்து அழித்துப் போடுவான். இவள் ஒரே இழுப்பாக இழுத்தாள், கோணாமல் வந்தது. அதோடு விட்டாளா? உள்ளே உட்கார்ந்திருந்த எள்ளத்தனை பைலட்டுக்குப் புருஷனுக்கு இருப்பதுபோலவே மீசையும் வைத்தாள்.

கம்பெனியிலிருந்து நலம் விசாரிக்க வந்த சிரஞ்சீவி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

"அண்ணே, உள்ள குந்திக்கினு இருக்கறது நீதான்! அண்ணி, இத்தினி நாள் அண்ணன் செஞ்சதெல்லாம் பொம்மை. இதான் பிளேன்."

ஜெயபிரகாஷும் சிரித்தான். மிச்சக் காபியை மட்டும் குடிக்காமல் தள்ளி வைத்தான்.

கட்டு அவிழ்த்தபோது எலும்பு நன்றாகவே கூடியிருந்தது. விரல் நடுக்கம் போவதற்கு ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி விடச் சொன்னார் வைத்தியர். கோபித்துக்கொண்டவன் எங்கே அழுத்துவான்? பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போயிற்று. மேசைமேல் அவனுடைய பழைய டம்ளரில் அவளுடைய பிரஷ்கள் நின்றன. அந்த மேசை கையைவிட்டுப் போய்விட்டதா என்கிற ஒரே கவலை அவனுக்குச் சோற்றோடும் தூக்கத்தோடும் கூடவே வந்தது.

இப்படி இருக்கையில்தான் அடுத்த மாடல் வாங்க இரண்டு பேரும் திருப்பதிக்கு பஸ் ஏறினார்கள்.

வளையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. ஜெயபிரகாஷ் பத்து வருஷமாகப் போகிற இடம். ஆனால் கடைக்காரர் கமலக்கண்ணன் அவனைத் தாண்டி ஷோபாவை எட்டிப் பார்த்து, தெலுங்கும் தமிழுமாக வரவேற்றார்.

"ரண்டம்மா, வாங்க! ஸ்பிட்ஃபயர் போட்டோ பாத்தேன். சிரஞ்சீவி அனுப்பனான். அந்த மீசை! இந்த வாட்டி இன்னா எடுக்கறீங்க?"

பை தூக்க வந்தவன் மாதிரி நின்றான் ஜெயபிரகாஷ்.

ஷோபா டப்பாக்களைப் புடவைக் கடையில் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தப் பச்சை நல்லாருக்குது இல்லீங்க? ஜப்பான்காரன் பிளேனாமே."

"அதெல்லாம் சின்னப் பசங்க ஒட்டறது" என்றவன், எக்கி, மேல் தட்டிலிருந்து இடது கையால் ஒரு டப்பாவை இழுத்தான். முதல் உலகப் போர் காலத்து விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டடுக்கு இறக்கை.

கமலக்கண்ணன் முகம் சுருங்கியது. "சார், இது வேணாம். ரெண்டு இறக்கைக்கும் நடுவுல நூலாட்டம் கம்பி இழுத்துக் கட்டணும். ஒண்ணு தொஞ்சி தொங்கனாலும் மொத்தமும் அசிங்கம். நானே பாதியில தூக்கிப் போட்டேன்."

ஜெயபிரகாஷுக்கு வயிறு குளிர்ந்தது. "ஷோபாவுக்குக் கை நல்லா வருது. செய்வா" என்றான். அவன் குரல் அவனுக்கே தேனாக இருந்தது. நூல் சிக்கிக்கொண்டு, "அய்யோ, என்னால ஆவாது, நீங்களே பாத்துக்குங்க" என்று அவள் மேசையைவிட்டு எழுந்துகொள்வது கண்முன்னால் தெரிந்தது.

ஷோபா டப்பாப் படத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நீங்க இத செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"நேரம் எங்க இருந்துச்சு?"

"பத்து வருஷமாவா?" என்றவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "இதையே குடுங்கண்ணே."

அவ்வளவு சுளுவாக அவள் ஒத்துக்கொண்டதும்தான் அவனுக்குத் திக்கென்றது. ஒருவேளை செய்துவிட்டால்? அவன் தொடவே பயந்ததை இவள் கட்டி நிறுத்திவிட்டால், அப்புறம் மேசை என்ன, நாற்காலியும் போயிற்றே!

"வேணாம், அந்தப் பச்சையே எடு. இது கஷ்டம்."

"கஷ்டம்னுதானே எடுத்தீங்க?"

கமலக்கண்ணன் அவசரமாக அலமாரியைத் துடைக்கப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜெயபிரகாஷ் டப்பாவைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். சந்திரகிரி தாண்டி ஒரு இடத்தில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினார்கள். இஞ்சின் ஓய்ந்தது. ஆனால் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் துண்டுகள் கலகலவென்று ஆடிக்கொண்டே இருந்தன. அவன் வலது கை டப்பாமேல் இருந்தது. கையை எடுத்தான், சத்தம் நின்றது.

ஷோபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "நான் தோத்துப் போவணும்னு எடுத்தீங்க. அப்பறம் ஜெயிச்சிடுவேன்னு திருப்பி வெக்கப் பாத்தீங்க. உங்களுக்கு இன்னாதான் வேணும்?"

"என் மேசை" என்றான்.

"யாரு தூக்கிக்கினு போனது?"

"உன் பிரஷ் நிக்குதே."

"நிக்கும். எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குது. ஏறக்கட்ட மாட்டேன்."

அவள் டப்பாவைத் தன் பக்கம் சாய்த்து, படத்தின்மேல் விரலால் கோடு போட்டாள். "மேல் இறக்கை உங்களுது. கீழ் இறக்கை என்னுது."

"கம்பி?"

"நான் கட்டறேன். நீங்க ஒரு முனையப் புடிச்சிக்குங்க. ஆடக் கூடாது."

"ஆடுனா?"

"ஆடுனா மேல் இறக்கையும் என்னுதுதான்."

பஸ் கிளம்பியது. டப்பாப் படத்தைப் பார்த்தபடி ஜெயபிரகாஷ் கேட்டான், "பைலட் யாருக்கு?"

"எனக்குத்தான். இந்த வாட்டி பொட்டு வெச்சி, ஜடை போடலாம்னு இருக்கேன்."

அதற்குமேல் அவனால் வீம்பு பிடிக்க முடியவில்லை. வலது கையால் டப்பாவின் மூலையைப் பிடித்து, வைத்தியர் சொன்ன பந்தைப் போல அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான்.

"டப்பா நசுங்குது" என்றாள் ஷோபா.

"நசுங்கட்டும்" என்றான். சித்தூர் வரும்வரை அழுத்திக்கொண்டே வந்தான்.