துணி கட்டிய வரிசை

எட்டு வருடத்தில் ஆறு வாடகை வீடு. தொட்டியில் தக்காளி காய்க்கும் நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு வீட்டுக்காரரும் காலி பண்ணச் சொல்வார். ஏழாவது வீட்டின் கொல்லையைப் பார்த்ததும் தையல்காரிக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரம்மா வேறு, "தொட்டி எதுக்கு? மண்ணுலயே போடுங்க. இங்க வந்தவங்க யாரும் காலி பண்ணிட்டுப் போனதில்ல" என்றார். அந்தப் பேச்சைக் கொஞ்சம் அசைபோட்டிருக்கலாம். அவள் எங்கே போட்டாள்? அன்றைக்கே மண்வெட்டி வாங்க ஓடினாள்.

மூன்று கோழி, நாலு பாத்தி. விதைத்த நாள் மறக்காமலிருக்க அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குத் தைத்த துணியில் ஒரு துண்டை, வரிசை முனையில் நட்ட குச்சியில் கட்டிவிடுவாள். இழுத்தால் அவிழ்கிற உருவு முடிச்சு.

ஒரு காலையில், அவள் போடாத வெண்டை ஒரு வரிசை முளைத்து நின்றது. குச்சியில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. அப்படியொரு துணியை அவள் தொட்டதே இல்லை. மறுநாள் ஒரு டீச்சர் அதே துணியோடு வந்தார், மகளுக்குப் பாவாடை தைக்க.

புருஷனிடம் சொன்னாள். பஸ் டிரைவர், எதற்கும் அசையாத மனிதர். "கோழி விதைச்சிருக்கும்டி. கூலி கேக்காம இருந்தா சரி."

அடுத்த வாரம் வெள்ளைத் துண்டு. மறுநாள் எதிர்வீட்டுக் கம்பவுண்டர் ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார். "அப்பாவோடது. அவர்தான் போயிட்டாரே. என் அளவுக்குப் பிடிச்சுக் கொடுங்க." வரிசையில் துணி வந்தால் ஆள் போய்விடும் என்று அவள் முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சுவர்வரை நீண்ட புது வரிசை ஒன்று. குச்சியில் நீலத் துணி. புருஷனின் யூனிஃபார்ம். அதைப் போட்டுக்கொண்டுதான் காலையில் வேலைக்குப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்து என்ன? நீலத் துண்டை உருவி எறிந்தாள். தன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினாள்.

"யாரா இருந்தாலும் சரி, என் புருஷனை விட்டுடு. என்னை எடுத்துக்கோ."

சாயங்காலம் புருஷன் முழுசாக வந்து நின்றார். சட்டைக் கை மட்டும் பஸ் கதவில் மாட்டிக் கிழிந்திருந்தது. "நாளைக்கு இதத் தைச்சுக் கொடும்மா" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். துணி சொன்னதெல்லாம் நாளைய தையலை மட்டும்தான். தான் போட்ட கணக்கைத் தானே தப்பாகப் படித்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம்தான் சேலைத் துண்டு ஞாபகம் வந்தது. கொல்லைக்கு ஓடினாள்.

முடிச்சை இழுத்தாள். அவிழவில்லை. யாரோ அதை இரட்டை முடிச்சாக இறுக்கியிருந்தார்கள். மத்தியானம் சுவர்வரை போயிருந்த வரிசை இப்போது பாதியில் நின்றது. மண்ணை அகலமாக வெட்டிப் போட்டிருந்தது. இருபது வருடம் அளவெடுத்த கண்ணுக்கு நாடா தேவைப்படவில்லை. தலையிலிருந்து கால்வரை, அவளுக்குக் கச்சிதமான அளவு.