ஷமா வேண்டாம் என்ற பெயர்

தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்துகொண்டிருந்தாள் மதிவதனி. வலங்கைமான் பக்கம் தியாகேசன் என்பவர் குளத்தில் வளர்த்த விரால்களின் செவுளில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. ஒருநாள் சோதனைத் தட்டில் முட்டை மஞ்சள்கரு நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் முளைத்திருந்தன. அப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை.

"காத்துல வந்து ஒட்டியிருக்கும்" என்று தூக்கிப்போடப் போனவளை, உடன் வேலை பார்க்கும் ஷமா தடுத்தாள்.

"இருடி. எதுக்கும் இன்னொரு தடவ மீன் எடுத்துப் பாத்துருவோம்."

மறுநாள் பார்த்து மதிவதனிக்குக் காய்ச்சல். ஷமா தனியாகவே பஸ் ஏறிப் போனாள். விரால் துள்ளும் வாளியை மடியில் இடுக்கிக்கொண்டு, புடவை நனைந்த பக்கத்து சீட்டு அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அந்த மீனிலும் அதே மஞ்சள் முளைத்தது.

மரபணுவைப் படித்து, ஏற்கெனவே பெயர் பெற்ற இனங்களோடு ஒப்பிட்டார்கள். கிரைசியோபாக்டீரியம் என்ற பேரினத்தில் சேர்ந்தது. ஆனால் அதிலுள்ள எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. எந்தச் சூட்டில் வளர்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று மாதக்கணக்கில் சோதித்தார்கள். சந்தேகமே இல்லை, புது இனம்தான்.

பெயர் வைக்க வேண்டுமே! மதிவதனி யாரிடமும் சொல்லாமல் ஷமாவின் பெயரை லத்தீனாக்கிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். அதைப் படித்த ஷமா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மீன் கிருமிக்கு எம்பேரா? எங்க மாமியார் தெருவுக்கே சொல்லிச் சிரிப்பாங்கடி." பிறகு அவள் குரல் இறங்கியது. "ஆனா மதி, தன் பேரைத் தானே வச்சுக்கக் கூடாதுன்னு வழக்கம் இருக்குல்ல? இதை வச்சா கட்டுரை எழுதினவங்கள்ல நான் இருக்க முடியாது."

மதிவதனிக்கு முகம் வாடிப்போயிற்று. "அதை நான் யோசிக்கவே இல்லடி. உனக்கு ஏதாவது செய்யணும்னு தோணுச்சு."

"செய்யேன். உன் பேருக்குப் பக்கத்துல எம்பேரைப் போடு. எனக்கு அது போதும்."

மதிவதனி அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மீன் வந்த வலங்கைமானின் பெயரையே வைக்கலாமா என்று தியாகேசனைப் போனில் கேட்டார்கள். அவர் பதறிவிட்டார்.

"ஏம்மா, என் மீனுக்குச் சீக்கா?"

"இல்லீங்க. மீன் நல்லாத்தான் இருக்கு. இது சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கு."

"அப்படின்னா தாராளமா வைங்க."

கட்டுரை வெளிவந்தது. மேலே இரண்டு பெயர்களும் ஒட்டி நின்றன. தியாகேசன் இருவரையும் விருந்துக்கு அழைத்தார். விரால் குழம்பை ஊற்ற வந்த அவர் மனைவி மங்களாம்பிகை கரண்டியோடு தயங்கி நின்றார்.

"நம்ம ஊர் பேரு வச்சது இதுலயும் இருக்குமா?"

"கொதிச்ச குழம்புல எதுவும் உசுரோட இருக்காதுங்க. நீங்க ஊத்துங்க" என்றாள் ஷமா.

மதிவதனி தன் இலையிலிருந்த நடுத்துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.