பழைய முகவரிக்கு வந்த பில்கள்

மெரிலின் எந்தப் பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கியவள் இல்லை. மோர்கம் ஊரின் ஆரம்பப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஆக்கிப் போடுவது அவள் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றியதும் கணினி முன்னால் உட்கார்ந்து, எங்கே என்ன சலுகை என்று மேய்வாள். அதிலும் கைப்பேசி ஒப்பந்தம் என்றால் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பள்ளியில் யாருக்குப் புதுப் போன் வேண்டுமென்றாலும் முதலில் சமையலறைக்கு வந்து அவளைத்தான் கேட்பார்கள்.

விஷயம் இதுதான். இரண்டு வருட ஒப்பந்தம், மாதம் முப்பது பவுண்டு. விற்கிற கடை அதில் பாதியை ஐந்து தவணையாகத் திருப்பித் தரும். ஆனால் சும்மா தராது. ஐந்தாம் மாதம், பத்தாம் மாதம், அப்புறம் பதினாலு, பத்தொன்பது, இருபத்துநாலு என்று அந்தந்த மாதத்து பில்லைத் தபாலில் அனுப்ப வேண்டும். நகல் கூடாது, வீட்டுக்கு வந்த அசல் காகிதம்தான் வேண்டும். பில் தேதியிலிருந்து முப்பது நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பெயரும் முகவரியும் ஒப்பந்தத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். ஒன்று தவறினால் மீதித் தவணைகளும் அம்போ. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கடைகளின் பிழைப்பே ஓடியது. மெரிலின் அதுவரை ஏழு ஒப்பந்தம் எடுத்திருந்தாள். ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை.

எட்டாவது ஒப்பந்தம் எடுத்த மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் நடுவில், அவள் கணவன் நைஜல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் சங்கத்தில் ஜோஸ்லின் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று ஆரம்பித்தான். இருபத்தாறு வருடத் திருமணம் அன்றோடு முடிந்தது. பெரிய சண்டையெல்லாம் இல்லை. வீடு நைஜலின் அப்பா விட்டுப்போனது. அதனால் மெரிலின்தான் கிளம்பினாள். கடற்கரைச் சாலையில் இரண்டு அறையுள்ள ஒரு மாடிப் பகுதி வாடகைக்குக் கிடைத்தது. தையல் இயந்திரத்தையும் கணினியையும் எடுத்துக்கொண்டாள். சன்னலைத் திறந்தால் விரிகுடா முழுக்கத் தெரிந்தது.

குடிபோன இரண்டாவது நாள், பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. நிபந்தனைகளை எடுத்து மூன்று தடவை படித்தாள். பில் வந்து சேரும் முகவரி மாறினால் திருப்பித் தருவது ரத்து என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆக, இரண்டு வருடத்துக்கு அவளுடைய பில் அந்தப் பழைய வீட்டுக்குத்தான் போகும். நைஜலை விட்டுவிடலாம், முந்நூற்று அறுபது பவுண்டை விட முடியாது என்று மறுநாள் பள்ளியில் சொன்னபோது சமையலறையே சிரித்தது. அவள் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள்.

நைஜலுக்கு போன் செய்து, தன் பெயருக்கு வரும் கடிதங்களை எடுத்து வைக்கச் சொன்னாள். அவன் உடனே சரி என்றான். எதற்கும் சரி என்பான், எதையும் செய்ய மாட்டான். ஐந்தாம் மாதத்து பில் வர வேண்டிய நாள் கடந்து பத்து நாள் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை ராத்திரி கேட்டால், வெள்ளை உறையா, விளம்பரம் என்று நினைத்துக் காகிதப் பெட்டியில் போட்டுவிட்டேனே என்றான். பழைய காகிதம் எடுக்கிற வண்டி புதன்கிழமை காலையில் வரும்.

மெரிலின் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனாள். தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் வண்டி நின்று குப்பையை வாங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தது ஜோஸ்லின். மெரிலின் அவளைத் தூரத்திலிருந்து இரண்டு தடவை பார்த்ததோடு சரி. மனதுக்குள் அவளை ஒரு மாதிரி அலங்கரித்து வைத்திருந்தாள். கிட்டத்தில் பார்த்தால், தூக்கக் கலக்கத்தில், ஒரு காலில் பச்சைக் காலுறையும் மறு காலில் சாம்பல் காலுறையுமாக நெட்டையான ஒரு பெண் நின்றாள்.

"நைஜல் இன்னும் எந்திரிக்கல. எழுப்பட்டுமா?"

"வேணாங்க. உங்க காகிதப் பெட்டிய மட்டும் கொஞ்சம் பாக்கணும்."

ஜோஸ்லின் முகம் மாறியது. "ஏதாவது பழைய லெட்டரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"போன் பில்லு."

வாசல் ஓரத்தில் குத்துக்காலிட்டு இருவரும் பெட்டியைக் கவிழ்த்தார்கள். செய்தித்தாள், விதைக் கடை விளம்பரம், பிட்சா அட்டை. வண்டி பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டது. ஜோஸ்லின் எழுந்து, வீட்டுச் செருப்போடும் இரவு அங்கியோடும் நடுத்தெருவுக்குப் போய், வண்டிக்கு முன்னால் நின்று, ரெண்டே நிமிஷம் பொறுங்க என்று கையைக் காட்டினாள். வண்டிக்காரர்கள் பொறுத்தார்கள். பில் பிட்சா அட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நனைந்து, ஒரு மூலையில் எண்ணெயாக இருந்தது.

ஜோஸ்லின் அதை உள்ளே கொண்டுபோய் மேசைமேல் விரித்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்தாள். அது காயும் வரை நிற்க வேண்டியிருந்ததால், மெரிலின் நிபந்தனைகளை விளக்க வேண்டியதாயிற்று. ஜோஸ்லின் கருவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நெசமாவே குடுப்பாங்களா? நானும் போன வருஷம் இதே மாதிரி ஒண்ணு எடுத்தேன். பேப்பரெல்லாம் எவன் அனுப்புவான்னு விட்டுட்டேன்."

"ஒண்ணுகூட அனுப்பலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

மெரிலின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். நைஜல் விஷயத்தைக்கூட அவளால் ஒருவாறு புரிந்துகொள்ள முடிந்திருந்தது. இதைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

எண்ணெய்க் கறையோடு போன பில்லைக் கடை ஏற்றுக்கொண்டது. அவள் கேட்டிருந்தபடி பள்ளி முகவரிக்கே காசோலை வந்தது. அதன் பிறகு பில் வரும் மாதமெல்லாம் ஜோஸ்லினிடமிருந்து குறுஞ்செய்தி வந்துவிடும். பில்லை இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன், நைஜல் அதைத் தொடவே மாட்டார், பத்திரம் என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். பத்தாம் மாதம் வாங்கப் போனபோது, அடுப்பில், இறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மாவுக்குள் மூடிச் சுடும் 'பை' வெந்துகொண்டிருந்தது. வெளியே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூடத்துச் சுவர்த்தாளை ஜோஸ்லின் மாற்றியிருந்தாள். இளமஞ்சள். நன்றாக இருந்தது என்பதில் மெரிலினுக்குக் கொஞ்சம் எரிச்சல். பேச்சு நைஜலின் குறட்டையில் தொடங்கி, பல் வைத்தியரிடம் அவனை எப்படிக் கூட்டிப்போவது என்பதில் வந்து நின்றது.

"சொன்னா வரமாட்டான். பக்கத்துல மீன் கடைக்குப் போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போ. வாசலுக்கு வந்தப்புறம் திரும்பிப் போகக் கூச்சப்படுவான்" என்றாள் மெரிலின்.

ஜோஸ்லின் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அப்போது வேலை முடிந்து வந்த நைஜல், கதவைத் திறந்து, மேசையில் இருவரையும் சேர்த்துப் பார்த்தான். கதவைச் சாத்திக்கொண்டு தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டான். உள்ளே இருவரும் சிரித்த சிரிப்பு அவனுக்குக் கேட்டிருக்கும்.

அந்த மாதமே மெரிலின் ஜோஸ்லினுக்கு ஒரு நல்ல ஒப்பந்தம் தேடி எடுத்துக்கொடுத்தாள். இருபது கடைகளை அலசி, திருப்பித் தருவதில் நாணயமான கடை எது என்று விசாரித்து எடுத்தது. சுவர்க் காலண்டரில் தேதிகளைச் சிவப்பில் வட்டமிட்டாள். அதைப் பார்த்துவிட்டு சங்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்று வந்தார்கள். சனிக்கிழமை காலைகளில் அந்த அடுப்படி ஒரு சின்ன அலுவலகம் போல ஆகிவிட்டது. நைஜல் கொட்டகைக்கு ஒரு ஹீட்டர் வாங்கிக்கொண்டான்.

பதினாலாம் மாதத்தில் ஒரு சிக்கல். பில் கிடைத்தது, ஆனால் நீங்கள் இப்போது அந்த முகவரியில் இல்லை என்று சந்தேகம் இருப்பதால் பணம் தர இயலாது என்று கடையிலிருந்து கடிதம் வந்தது. நேரே ஜோஸ்லினின் அடுப்படிக்கு வந்து, அங்கிருந்தே மெரிலின் போன் போட்டாள். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு இளைஞன் எடுத்தான். ஜோஸ்லின் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"மேடம், நீங்க இப்ப அந்த முகவரியிலதான் இருக்கீங்களா?"

"அந்த வீட்டு அடுப்படியிலதான் நிக்கிறேன் தம்பி."

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க. என் வீட்டுக்காரரோட வீட்டுக்காரி இருக்காங்க."

அந்தப் பையன், சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்றான். ஜோஸ்லின் போனை வாங்கி, ஒப்பந்தத்தில் பில் வந்து சேர வேண்டிய முகவரி என்றுதான் இருக்கிறது, ராத்திரி எங்கே படுக்கிறார் என்று எங்கேயும் கேட்கவில்லையே, எந்த விதி என்று வாசித்துக் காட்டுங்கள் என்றாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து வாடிக்கையாளர்களைச் சமாளித்த குரல் அது. பையன் தேடினான். அப்படி ஒரு விதி இல்லை. பன்னிரண்டு நாளில் காசோலை வந்தது. மெரிலின் அதை வங்கியில் போடுவதற்கு முன்னால் ஜோஸ்லினிடம் கொண்டுவந்து காட்டினாள். யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது, காட்டத் தோன்றிய ஆள் ஜோஸ்லின்தான். பஸ்ஸில் திரும்பும்போது இதை நினைத்துத் தனக்குள்ளே வியந்துகொண்டாள்.

கடைசித் தவணை ஜூன் மாதம். அதற்கு முன்பே வீட்டை விற்றுவிட்டு பக்கத்து ஊரான ஹேஷத்தில் படியேறத் தேவையில்லாத சின்ன வீடாகப் பார்த்துப் போக நைஜலும் ஜோஸ்லினும் முடிவு செய்திருந்தார்கள். நைஜலுக்கு முழங்கால் வலி. வாங்குகிறவர்கள் ஜூன் முதல் தேதி சாவி கேட்டார்கள். ஜோஸ்லின் வழக்கறிஞருக்கு போன் செய்து, ஒன்பதாம் தேதிக்கு முன்னால் காலி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாள். நைஜல் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தான்.

"ஒரு போன் பில்லுக்காக வீட்டு விக்கிறத நிறுத்துவியா?"

"நிறுத்தலையே. எட்டு நாள் தள்ளி வெச்சிருக்கேன். ரெண்டு வருஷமா அவ ஒத்தைத் தவணைகூட விடல. உன்னாலதான் அவளுக்கு இத்தனை அலைச்சல். உனக்கு எட்டு நாள் பெருசா போச்சா?"

மெரிலின் இரண்டு வார இறுதிகள் வந்து பாத்திரங்களைக் கட்ட உதவினாள். எட்டு நாளும் போயின. பில் வரவில்லை. ஒன்பதாம் தேதி காலை சாமான் வண்டி வந்து நின்றுவிட்டது. ஜோஸ்லின் கண்கலங்கி போன் செய்தாள். மெரிலின் பள்ளியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பரவாயில்லை, இருநூற்றெண்பத்தெட்டு பவுண்டு வந்ததே பெரிது, நீ சாமானைப் பார் என்று ஜோஸ்லினைத் தேற்றினாள். சொன்னதில் பாதி பொய்.

மதியம் பன்னிரண்டரை. பிள்ளைகள் இனிப்புக்கு வரிசையில் நின்றார்கள். சமையலறைப் பின்கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் நைஜல். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. சாமான் வண்டியும் ஜோஸ்லினும் போன பிறகு, புது ஆட்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவன் தெருவில் மதில்மேல் உட்கார்ந்திருக்கிறான். தபால்காரப் பெண் பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தாளாம். காரை ஜோஸ்லின் எடுத்துப் போய்விட்டதால், அந்த முழங்காலோடு பள்ளிவரை நடந்தே வந்திருக்கிறான்.

உள்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினான். ஓரம்கூட மடங்கவில்லை.

"இந்தா. நான் பிரிக்கல."

மெரிலின் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். இருபத்தெட்டு வருடத்தில், சொன்ன வேலையை அவன் சொன்னபடி செய்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. எவ்வளவோ சொல்லலாம் போல இருந்தது. உள்ளே வந்து உட்கார் என்று மட்டும் சொல்லி, ஒரு கிண்ணத்தில் கேக் வைத்து, மேலே கஸ்டர்டை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். மாவு மூட்டைகளுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து அவன் வழித்துச் சாப்பிட்டான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நடக்க நடக்க சரியாகிறது என்றான். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டான்.

மூன்று மணிக்கு மெரிலின் தபால் நிலையத்தில் இருந்தாள். அவள் சொல்லாமலே, நைஜல் சொல்லித் தெரிந்து, ஜோஸ்லினும் வந்து கதவருகே நின்றாள், தலையில் அட்டைப்பெட்டித் தூசியோடு. இருவரும் சேர்ந்து பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் கடைசிக் காசோலை வந்தது.

இனி அந்த வீட்டுக்குப் போக வேலையில்லை. வீடே அவர்களுடையது இல்லை. அடுத்த சனிக்கிழமை காலை மெரிலின் சன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்து, அலை இறங்கிய விரிகுடாவைப் பார்த்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள். பத்து மணிக்கு போன் அடித்தது.

"இன்னும் ஏன் கெளம்பல? விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கிரேஞ்சுல நல்ல இறால் போடுறாங்களாம். பத்தே முக்கால் ரயிலு. நைஜலுக்கு இறைச்சிப் பை சுட்டு வெச்சாச்சு" என்றாள் ஜோஸ்லின்.

மெரிலின் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மேல்சட்டையை எடுத்தாள். ரயிலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே வெயில் மணல்மேல் தகதகத்தது. கிரேஞ்சில் வெண்ணெயில் ஊறிய இறாலை வறுத்த ரொட்டிமேல் வைத்து ஆளுக்கு இரண்டு தட்டு சாப்பிட்டார்கள். ஜோஸ்லின் பில்லுக்குக் கையை நீட்ட, மெரிலின் அதைத் தட்டிவிட்டு, அந்தச் சாப்பாட்டுக்கு முழு விலையையும் கொடுத்தாள்.