ஆறாவது போல்ட்டு

வலது தோளைத் தூக்கினால் வலித்தது. தூக்காமல் வைத்திருந்தால் அதைவிட வலித்தது. காலையில் சட்டைக்குள் கையை நுழைக்கவே மனைவியைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது. "இருபத்தெட்டு வருஷமா வண்டிக்கு அடியில மல்லாந்து கிடந்தா தோள் என்ன இரும்பா? இரும்பே தேயுதுன்னு நீதான சொல்லுவ" என்று சொல்லிக்கொண்டே அவள் பித்தானைப் போட்டுவிட்டாள். மெக்கானிக் டிபன்பாக்ஸை இடது கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினான். வலிக்கிறது என்று பட்டறையில் சொல்ல முடியாது. சொன்னால் முதலாளி முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு அடுத்த மாதமே ஒரு இளவட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார்.

பட்டறை வாசலில் நர்சம்மாவின் சாம்பல்நிறக் கார் நின்றது. அதைப் பார்த்ததும் தோள் வலி மறந்துபோயிற்று. எட்டு மாதமாக வீட்டில் உறையைப் போட்டு மூடி வைத்திருந்தாளாம். இன்ஜின் வேலைக்கு இப்போதுதான் பணம் கைகூடி வந்திருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

அந்த வண்டியால்தான் மெக்கானிக்கின் தம்பி பட்டறையை விட்டுப் போனான். எட்டு மாதத்துக்கு முன்னால் அதில் எண்ணெய்க் கசிவு. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கியர்பாக்ஸை இறக்கி, ஒழுகிய ரப்பர் சீல் வளையத்தை மாற்றி ஏற்றினார்கள். அடுத்த வாரம் தம்பி தனியாக அதற்கு இன்ஜின் ஆயில் மாற்றினான். இரண்டே வாரத்தில் வண்டி கடகடவென்ற சத்தத்தோடு திரும்பி வந்தது. முதலாளி பானட்டைத் திறந்து காதை நீட்டிக் கேட்டுவிட்டு, "இன்ஜின் பேரிங் போச்சு. ஆயிலை ஒழுங்கா ஊத்தாம அனுப்பியிருக்கான் உன் தம்பி" என்றார். ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தபோது எண்ணெய் கோட்டுக்குக் கீழே ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. தம்பி, அளந்துதான் ஊற்றினேன் என்றான். நர்சம்மா ராத்திரி வேலை முடிந்து தூங்காமல் வந்திருந்தாள். "உனக்கெல்லாம் எதுக்குப்பா இந்த வேலை?" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவனைக் கன்னத்தில் அறைந்தான்.

ஏன் அறைந்தான் என்பது அன்றே அண்ணனுக்குத் தெரியும். தம்பிக்கு முட்டுக்கொடுக்கிறான் என்று முதலாளி நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான். முதலாளி, தகரம் தட்டும் டிங்கர், வயரிங் பார்க்கும் வயர்மேன், நர்சம்மா எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி முப்பத்திரண்டு வயது ஆள், கல்யாணமானவன், கன்னத்தைத் தடவக்கூட இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னதும் துணிப்பையை எடுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அண்ணன் வீட்டு வாசற்படியை அவன் மிதிக்கவில்லை.

"இன்ஜினை இறக்கிடு" என்றார் முதலாளி இப்போது, வாசலில் நின்ற காரைக் காட்டி.

"முதல்ல ஒரு தடவை கேட்டுடுறேன்."

"எட்டு மாசம் முன்னாடி நான் கேட்டது போதாதா? அதுக்குள்ள பேரிங் முளைச்சிருக்குமா?"

வயர்மேன் சிரித்தான். மெக்கானிக் சாவியைத் திருப்பினான். கடகடவென்று, தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் வந்தது. பிரேக்கை மிதித்து கியரைப் போட்டான். சத்தம் அடங்கியது. நியூட்ரலுக்குத் தள்ளியதும் மறுபடி வந்தது. ஆக்சிலேட்டரை அமுக்க அமுக்கக் குறைந்தது. பேரிங் போயிருந்தால் பாரம் ஏற ஏற அல்லவா அது கதற வேண்டும்?

இறங்கி ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக்கின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்தான். நான்கைப் பிடுங்கியும் சத்தம் அதே சத்தம். பேரிங் போன சிலிண்டராக இருந்தால் பிடுங்கியதும் அமுங்கியிருக்கும். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, நீளத் திருப்புளியின் பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு நுனியை ஒவ்வோர் இடமாக வைத்தான். ஆயில் சட்டியில் வைத்தபோது சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் வைத்ததும் மண்டைக்குள் அடித்தது.

பிளைவீல். ஆட்டோமேட்டிக் வண்டியில் அது கனத்த சக்கரம் இல்லை, சாப்பாட்டுத் தட்டு கனத்தில் ஒரு தகடு. அதை கியர்பாக்ஸ் பக்கத்து கன்வர்ட்டர் என்கிற உருளையோடு ஆறு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே ஒரு நேரத்தில் ஒரு போல்ட்டுதான் கண்ணில் படும். முன்னால் ஒருவன் நின்று இன்ஜினைக் கையால் சுற்றிக்கொடுக்க வேண்டும், அடியில் படுத்திருப்பவன் ஒவ்வொன்றாய் முறுக்க வேண்டும். ஆறும் ஒரே அச்சு. முதல் போல்ட்டின் தலையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால்தான் சுற்று முடிந்ததா இல்லையா என்று தெரியும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிற விஷயம் அது.

இன்று சுற்றிக்கொடுக்கத் தம்பி இல்லை. வயர்மேனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. முன்னால் போய் நின்று சுற்றினான், அடியில் போய்ப் படுத்துப் பார்த்தான், எழுந்தான், மறுபடி சுற்றினான். ஒவ்வொரு தடவை எழும்போதும் தோள் உயிரை வாங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு இறுக்கமாகவே இருந்தன. ஐந்தும் இறுக்கம். ஆறாவது இடத்தில் போல்ட்டே இல்லை. ஓட்டை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, அதிலிருந்து நடுவை நோக்கி மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது. ஜன்னலுக்குள் விரலை விட்டுத் துழாவினான். கூட்டின் அடியில், கறுத்த பிசுக்குக்குள் கிடந்தது அந்த போல்ட்டு. மரை கொஞ்சமும் நசுங்காமல் புதுசுபோல இருந்தது. கையால் நுழைத்துவிட்டதோடு சரி, ஸ்பேனர் அதைத் தொடவே இல்லை.

அப்படியே மல்லாந்து கிடந்தான். கியர்பாக்ஸ் ஏற்றிய அன்றைக்கும் இதே இடத்தில்தான் படுத்திருந்தான். பாதி முறுக்கும்போது முதலாளி வேறொரு வண்டிக்காகக் கூப்பிட்டார். எழுந்து போய் வந்தான். விட்ட இடம் இதுதான் என்று நினைத்துத் தொடர்ந்தான். தோள் அன்றைக்கும் வலித்தது. முன்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது: "அண்ணே, நாம கோடு போடலை. இன்னொரு சுத்து சுத்துறேன், தொட்டுப் பாத்துடு."

"எனக்கு ஆறு வரைக்கும் எண்ணத் தெரியும்டா. ஜன்னல் மூடியை எடுத்துக் குடு."

இதைத்தான் சொன்னான். வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருந்தது.

முதலாளி அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக் போல்ட்டை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னான். முதலாளி அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"தகடை மாத்தி ஏத்திடு. இன்ஜின்ல வேலை பாத்தோம்னு நான் சொல்லிக்கிறேன். கொஞ்சம் குறைச்சே வாங்குவோம், சந்தோஷமாப் போவாங்க."

"இன்ஜின்ல ஒண்ணுமே இல்லையே முதலாளி."

"இல்லைன்னு சொல்லிப் பாரு. எட்டு மாசம் பஸ்ஸுல தொங்கினதுக்கு அந்தம்மா என் சட்டையைப் பிடிக்கும். கேள்விப்பட்டு நாலு பேரு வண்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உனக்கு எங்க வேலை? இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எவன் சேத்துக்குவான் உன்னை?"

தோள் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

"தம்பியை நிறுத்திட்டோமே."

"நான் வேலையை விட்டுத்தான் நிறுத்தினேன்" என்றார் முதலாளி. "கை நீட்டினது நீ."

இரண்டு நாளில் வேலை முடிந்தது. இந்தத் தடவை வயர்மேன் முன்னால் நின்று சுற்றிக்கொடுத்தான். மெக்கானிக் கோடு போட்டுக்கொண்டு ஆறையும் முறுக்கினான், மறு சுற்றும் தொட்டுப் பார்த்தான். இறக்கி வைத்திருந்த பழைய தகட்டை டிங்கர் குனிந்து பார்த்தான். விரிசலைப் பார்த்தான், தேய்ந்த ஓட்டையைப் பார்த்தான், பிறகு மெக்கானிக்கைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குப் போனான். வயர்மேனுக்கும் புரிந்துதான் இருக்கும். அன்று முழுக்க அவன் ஒரு கேலிகூடப் பேசவில்லை.

நர்சம்மா வந்து வண்டியைக் கிளப்பினாள். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. இன்ஜினில் வேலை பார்த்ததாக முதலாளி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கண்ணாடியை இறக்கி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"அன்னைக்கு உங்க தம்பியை நானும் ரொம்பப் பேசிட்டேன். வீட்டுக்குப் போயும் மனசு கேக்கலை. ஆனா தப்பு தப்புதான, என்ன சொல்றீங்க?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். மெக்கானிக் தலையை ஆட்டினான். ஆட்டிய பிறகுதான் ஆட்டியது அவனுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் பஸ் டெப்போவுக்குப் போனான். தம்பி அங்கே பஸ் கழுவுகிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முழங்கால்வரை கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, நீளக் குச்சியில் கட்டிய துடைப்பத்தால் ஒரு பஸ்ஸின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கால் விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. அண்ணனைப் பார்த்துவிட்டும் கை நிற்கவில்லை.

"நர்சம்மா வண்டி வந்துச்சு" என்றான் அண்ணன்.

"ம்."

"பேரிங் இல்லை. கன்வர்ட்டர் போல்ட்டு. ஒண்ணு முறுக்காம விட்டிருக்கேன்."

தம்பி குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் டெப்போ திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது.

"ஆயில்?"

"ஆயில்ல ஒரு குறையும் இல்லை. ஒரு நூல் இறங்குறது எல்லா வண்டியிலயும் உள்ளதுதான். நீ ஊத்தினது சரிதான்."

"எனக்குத்தான் தெரியுமே. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே?"

"தப்பு என்னுதுடா."

"பாரு" என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "அடிச்சது எல்லாரும் பாக்க. இப்ப தப்பு என்னுதுன்னு சொல்றது என் காதுல மட்டும். பஸ்ஸுக்குக் காது இருந்தா அதுவாச்சும் கேட்டிருக்கும்."

"வேற என்ன செய்யச் சொல்றே? கால்ல விழணுமா?"

"என் கால்ல எதுக்கு உன் தலை? அங்க நின்னு, அன்னைக்கு இருந்தவங்க முன்னாடி, தம்பி மேல தப்பு இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லு. ஒரு வார்த்தை. வேலை எல்லாம் வேண்டாம். எம்பொண்டாட்டி கடைக்குப் போனா அந்த டிங்கர் பொண்டாட்டி ஒரு மாதிரி பாக்குறா. அது நிக்கணும்."

"சொல்றேன்."

"சொல்லிட்டு வா. அப்புறம் உக்காந்து டீ குடிப்போம்." குழாயைத் திறந்துவிட்டான்.

மறுநாள் பதினொரு மணிக்கு டீ வந்தது. முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். டிங்கரும் வயர்மேனும் குந்தியிருந்தார்கள். மெக்கானிக் டம்ளரோடு நின்றான். ராத்திரி முழுக்க அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தான். மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் எதையோ சொல்லப்போகிறான் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். டிங்கர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"என்னப்பா, தோளு எப்படி இருக்கு?" என்றார் முதலாளி, அன்பாக.

"பரவாயில்லை முதலாளி" என்றான். டீயை ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, பக்கத்தில் ஜாக்கியில் நின்ற ஒரு வெள்ளை வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். அதில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. பிரேக் வேலைக்கு வந்த வண்டி அது, அதையும் நேற்றே முடித்தாயிற்று.

அடியிலிருந்து பார்க்க அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. முதலாளியின் தோல் செருப்பு, வயர்மேனின் கிழிந்த கேன்வாஸ் ஷூ, டிங்கரின் வெறுங்கால். பிறகு தோல் செருப்பு எழுந்து அறைப்பக்கம் போயிற்று. கேன்வாஸ் போயிற்று. வெறுங்கால் மட்டும் இந்த வண்டிப்பக்கம் திரும்பி, விரல்களைத் தரையில் ஊன்றியபடி, காத்துக்கொண்டு நிற்பதுபோல வெகுநேரம் நின்றது. அதுவும் போயிற்று. அப்பால் சுத்தியல் தகரத்தில் விழ ஆரம்பித்தது. தம்பி மேல் தப்பு இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை, தம்பிக்குக் கொடுக்கப்படாமல் இன்னும் பாக்கி இருந்தது.