அவள் நடந்த ஆறாயிரம் அடி

ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் அவர் எல்லோருக்கும் கண்டக்டர்தான். காலையில் பூங்காவைச் சுற்றும்போது அவருடைய இரண்டு கையிலும் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணும் பட்டை இருக்கும். இடது கையில் அவருடையது, வலது கையில் மனைவியுடையது. அறுபது தாண்டியவர்கள் தினமும் ஆறாயிரம் அடி நடந்தால் மருத்துவக் காப்பீட்டில் பாதிக் கட்டணம் தள்ளுபடி. நடக்கிறார்களா என்று வேவு பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தது அந்தப் பட்டை. மனைவியோ நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்து முட்டியைத் தேய்த்தவள். பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறவள். அதனால் அவளுக்கும் சேர்த்து இவரே நடந்தார். மழை, காய்ச்சல் என்று ஒரு நாள் விட்டதில்லை. தன்னை மிஞ்சிய மூளைக்காரன் இல்லை என்று நினைப்பு வேறு.

மூன்று வருஷம் வண்டி ஓடியது. பிறகு, முட்டியை உடனே மாற்றாவிட்டால் அவள் கட்டிலோடுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செலவுக்குக் காப்பீட்டில் எழுதிக்கொடுத்த வாரமே இவருக்கும் இதயத்தில் அடைப்பு என்று தெரிந்தது. பைபாஸுக்கு நாள் குறித்தார்கள். இருந்த சேமிப்பு இரண்டில் ஒன்றுக்குக்கூடப் போதாது.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தங்கமான பேச்சு. வரவேற்பறையில் உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்தாள்.

"அம்மா தினமும் ஆறாயிரத்துக்குக் குறையாம நடந்திருக்காங்க சார். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்த அன்னிக்குக்கூட. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

வேறு யாராவது பட்டையைக் கட்டியிருந்தால் இப்போதே சொல்லிவிடலாம் என்றாள். கட்டியவரின் காப்பீடுதான் ரத்தாகும், அம்மாவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லையாம்.

கண்டக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். அவளுடைய முட்டியா, தன்னுடைய இதயமா? எதிர் நாற்காலியில் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிவிடுவார் என்று நம்பினாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகும் அந்த நம்பிக்கை மிச்சமிருந்தது, பாவம்.

"அவதான் நடந்தா" என்றார்.

அப்படியென்றால் வாசல் வரை ஒருமுறை நடந்து காட்டச் சொன்னாள் அந்தப் பெண். மனைவி அசையவில்லை. கண்டக்டர் அவள் பக்கம் குனிந்தார். கேட்கவே அசிங்கமான குழைவோடு சொன்னார்:

"எழுந்திரும்மா. கொஞ்ச தூரம்தானே."

அவள் எழுந்தாள். சுவரைத் தொடவில்லை. உதட்டைக் கடித்தபடி வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். விசாரிக்க வந்தவள், முட்டி ஆபரேஷன் தேவையில்லை என்று எழுதிக்கொண்டாள். இருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவியின் கால்கள் வெடவெடவென்று ஆடின. தாங்கிப் பிடிக்க ஓடினார் கண்டக்டர்.

"தொடாதீங்க" என்றாள். "உங்களுக்கு உயிர் வேணும், எடுத்துக்கிட்டீங்க. என்னையே நடக்க வெச்சு எடுத்திருக்க வேணாம்."

அடுத்த வாரம் அவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸிடம் கேட்டார். யாரும் வரவில்லை என்றாள்.