விட்டுப்போன வளையம்

ஆற்றில் ஒரு மைல் தூரத்தை வளைத்துப் போட்டுக்கொண்டு, மீன்களிடம் வாடகை கேட்காத குறையாக ஒரு தூண்டில்காரர் சங்கம். புழு வைத்துப் பிடிப்பது அவர்களுக்குக் கேவலமாம். முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்றினால்தான் கௌரவமாம். அந்தப் பூச்சிகளை இருபது வருஷமாகக் கட்டிக்கொடுப்பவள் கடைத்தெருத் தையல்காரி. அந்தத் தண்ணீரில் தானும் தூண்டில் வீச வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. மூன்று வருஷமாக விண்ணப்பம் போடுகிறாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே இழுத்தடித்தார்கள்.

திடீரென்று சங்கத்துக்கு ஞானோதயம். தலைவரே கடைக்கு வந்து நின்றார்.

"சங்கம் முழுக்க ஒரே மாதிரி ஆம்பளைங்களா இருக்கோம்னு வெளியில பேசிக்கறாங்க. ஒரு படத்துக்கு வந்து நில்லும்மா. உன் விண்ணப்பத்தை நான் பார்த்துக்கறேன்."

போனாள். தலைவர் தன் தூண்டில் கம்பையே எடுத்துவந்தார். அவள் நூலைக் கோக்கக் கை நீட்டினாள்.

"இரும்மா, இதெல்லாம் நுணுக்கமான வேலை" என்று பெருமையடித்துக்கொண்டே அவரே கோத்தார். கம்பு நெடுக, நூல் நுழைந்து போக எட்டு வளையம். மகானுபாவர் மூன்றாவதை விட்டுவிட்டார். நாள் பூரா ஊசியும் நூலுமாகக் கிடக்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா?

"சார், ஒரு வளையம்..."

"கேமராவைப் பார்த்துச் சிரிம்மா" என்று கம்பை அவள் கையில் திணித்தார்.

சிரித்துத் தொலைத்தாள்.

'அனைவரும் வருக' என்ற தலைப்போடு, சங்க மண்டபத்துச் சுவரில் கம்பும் கையுமாக அவளுடைய ஆளுயரப் படம் ஏறியது. அதன் கீழேயே உட்கார்ந்து, அவளையும் கூப்பிட்டு வைத்து, விண்ணப்பத்தை எடுத்தார்கள். செயலாளர் எழுந்து படத்தில் விரலை வைத்தார்.

"இதோ, மூணாவது வளையம் விட்டுப்போயிருக்கு. நூல் கோக்கவே தெரியாதவங்களை எப்படிங்க சேர்க்கிறது? சங்கத்து மானம் என்னாகும்?"

சுற்றி இருந்தவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். தலைவர் கூரையில் பல்லி தேடினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைவர் பக்கம் திரும்பினாள். "யார் கோத்ததுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

"அதை விடும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் அந்தப் பெரிய மனுஷன். "படம் மட்டும் இருக்கட்டும். அழகா வந்திருக்கு."

இத்தனை பேர் இருக்கிற சபையில் ஒருத்தனுக்காவது வெட்கம் வந்ததா? அதுதான் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அவள் மேஜைமேல் கிடந்த தடித்த பேனாவை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனாள். வாசலில் நிற்பவனுக்கும் தெரிகிற அளவுக்கு, படத்தின் அடியில் நிதானமாக எழுதினாள்:

'கம்புக்கு நூல் கோத்தவர்: சங்கத் தலைவர்.'