அரை மீட்டர் அலை

கடல் எச்சரிக்கை அலுவலகத்தில் ஒரு தாள் நகர்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வாசல் மேஜையில் ஒற்றைத் தாளாகத் துள்ளிக் கிளம்பும். மேஜைக்கு மேஜை ஆளுக்கு நாலு பக்கமாவது சேர்த்தே ஆகணும், அது விதி. மேலதிகாரி அறையை நெருங்க நெருங்க வேகம் குறையும், உயரம் கூடும்.

அன்று காலை வாசல் மேஜைக்காரிக்கு ஆழ்கடல் மிதவையிலிருந்து தகவல் வந்தது: சுனாமி அலை, உயரம் அரை மீட்டர், விமான வேகம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மணலில்தான் அவள் தங்கை டீக்கடை வைத்திருந்தாள். உடனே போன் போட்டாள்.

"வியாபார நேரத்துல விளையாடாதக்கா. சங்கு ஊதட்டும், வர்றேன்."

அபாயச் சங்கின் சாவியோ மேலதிகாரி மேஜைமேல் இருந்தது.

தாள் கிளம்பியது. "அரை மீட்டரா? என் பேத்தி குளிச்சா இதைவிடப் பெரிய அலை வரும்!" என்று சிரித்தபடி வரைபடக்காரர் நாலு பக்கம் சேர்த்தார். அடுத்தவர் எட்டு. நூல் போட்டுக் கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள். மதியம் இரண்டு பேர் மூச்சுவாங்கத் தூக்கிவந்து மேலதிகாரி மேஜையில் நிறுத்தியபோது கோப்பு ஆள் உயரம். பின்னாலிருந்த அவர் தெரியவே இல்லை.

"அரை மீட்டருக்கா இவ்வளவு பெரிய கோப்பு?" என்றது குரல் மட்டும்.

"கெளம்பும்போது இதுவும் ஒத்தத் தாள்தான் சார்! அலையும் அப்படித்தான். கரைகிட்ட ஆழம் குறையும், முன்னால போறது மெதுவாகும், பின்னால வர்றது அதுமேல ஏறிக்கும்" என்றாள் கோப்போடு கூடவே வந்த வாசல் மேஜைக்காரி.

"கடலுக்கு ஏதும்மா மேஜை?"

"சார், கடல் உள்ள போயிடுச்சு!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

"பாத்தியா, தானா திரும்பிப் போயிடுச்சு. கோப்பை மூடு. இல்லன்னா, சரியான உயரம் எழுதிக் கொண்டா."

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன சார்!"

இரண்டு கையாலும் கோப்பைத் தள்ளிவிட்டாள் அந்தப் புண்ணியவதி. அது சரிந்து, மேலதிகாரியை நாற்காலியோடு சுவர்வரை அடித்துக்கொண்டு போனது. சாவி அவள் காலடியில் வந்து விழுந்தது. சங்கு ஊதியது.

கரையே ஓடிவந்து நாலு மாடி அலுவலகத்தின் மொட்டைமாடியில் ஏறியது. கடைசியாக டீ கெட்டிலோடு தங்கை வந்தாள். அப்புறம்தான் கடல் வந்தது, இரண்டு மாடி உயரத்துக்கு. டீக்கடை இருந்த இடமே தெரியவில்லை.

"இவ்வளவு பெருசுன்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"அரை மீட்டர்தான்டி இருந்துச்சு" என்று அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள் அக்கா.